கூழ்சாமிக்கு ஒரே வெப்சைட்

நாராயணவனத்திலிருந்து புத்தூர் போகிற ரோட்டில், ஆசிரமத்து வளைவைத் தாண்டி இடதுபக்கம் இறங்கினால் காலனி. அந்தக் கோடையில் அங்கே பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. கரண்ட் வந்ததும் மற்றவர்கள் மோட்டார் போட ஓடுவார்கள். ரங்கனின் மகள் தரணி மட்டும் லேப்டாப்புக்குச் சார்ஜ் ஏற்ற ஓடுவாள். ஓட்டு வீட்டின் நடுவறையில், வேர்க்கடலை மூட்டைக்கும் டிவிக்கும் நடுவே மேசை போட்டு, ஜன்னல் கம்பியில் நெட் டாங்கிளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அந்தக் கம்பியில்தான் சிக்னல் கிடைத்தது.

பெங்களூரில் வெப்சைட் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவள் தரணி. கம்பெனியை மூடிவிட்டார்கள். புருஷன் முரளி சத்தியவேடு பக்கம் ஒரு பாக்டரியில் ஷிப்ட் வேலை செய்துகொண்டு அங்கேயே தங்கியிருந்தான். தரணி அம்மா வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்த நாளில்தான் ஆசிரமத்து வேலை தேடி வந்தது.

ஆசிரமம் கூழ்சாமியுடையது. கூழ்சாமி எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மழைக்காலத்தில் காளஹஸ்தி பக்கமிருந்து நடந்து வந்தார் என்பார்கள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். இடுப்பில் ஒரு கோணி. வீடு வீடாகப் போய்க் கூழ் வாங்கிக் குடிப்பார். யார் வீடு என்று பார்க்கமாட்டார். அவர் கை வைத்தால் மாட்டுக்குக் காய்ச்சல் இறங்கும், பிள்ளைக்குப் பேச்சு வரும் என்றெல்லாம் பேச்சு பரவியது. செத்த பிறகு இன்னும் வேகமாகப் பரவியது. சமாதி கட்டினார்கள். சமாதிமேல் மண்டபம், மண்டபத்தைச் சுற்றி மாந்தோப்பு, தோப்பைச் சுற்றிக் காம்பவுண்டு என்று வளர்ந்தது. சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் அமெரிக்கா போன பிள்ளைகள் அங்கே தங்கள் வீட்டு ஹாலில் அவர் படத்தை மாட்டி வெள்ளிக்கிழமை பஜனை செய்தார்கள். கூழ்சாமி, ஸ்ரீ அன்னப்பிரகாச சுவாமி ஆனார். திருப்பதியில் டிரஸ்ட் ஆபீஸ் திறந்தார்கள்.

வெப்சைட்டும் வந்தது. ஒன்றல்ல, ஐந்து. அமெரிக்கப் பக்தர்கள் இங்கிலீஷில் ஒன்று. திருப்பதி ஆபீஸ் தெலுங்கில் ஒன்று. மாதப் பத்திரிகைக்குத் தனியாக ஒன்று. சென்னைக்காரர்கள் பாட்டுக்கென்று ஒன்று. ஐந்தாவது தமிழ், அதை நகரியில் விசைத்தறி ஓட்டும் கிருஷ்ணப்பா தனியாளாக நடத்தினார். இந்த ஐந்தையும் ஒன்றாக்கி, ஒரே முகவரியில், புதிதாகச் செய்துதர வேண்டும் என்பதுதான் வேலை. வேலையைக் கொடுத்தவர் ரமணா. சித்தூரில் பிறந்து டல்லாஸில் இருப்பவர். திருப்பதியில் டிரஸ்ட் செக்ரட்டரி சிட்டிபாபு. ரங்கன் ஆசிரமத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிற வேலையில் இருந்ததால், "மன ரங்கடு கூத்துரே சார்" என்று சிட்டிபாபு போனில் ரமணாவிடம் சொல்லியிருந்தார். நம்ம ரங்கன் மகள்தான். அதைக் கேட்டு ரங்கன் இரண்டு நாள் தோட்டத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

வெங்கடம்மாவுக்கு இது வேறு விதத்தில் சந்தோஷம். தரணியின் அம்மா அவள். கிருஷ்ணப்பாவின் தமிழ் வெப்சைட்டில் அவள் சொன்னது ஒரு பக்கம் இருந்தது. கூழ்சாமிக்கு அவள் கூழ் ஊற்றி, கருவாடு வைத்த கதை. கிருஷ்ணப்பா சைக்கிளில் வந்து, எதிரே உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்லக் கேட்டுப் போய் டைப் அடித்துப் போட்டது. படிக்கத் தெரியாவிட்டாலும் அது "அமெரிக்கா வரைக்கும் தெரியும்" என்று அவளுக்குத் தெரியும்.

"என்னுது இதுல வருமாடி?" என்று கேட்டாள்.

"வராம? மொதல்ல அதான் வரும்."

தரணி நகரிக்குப் போனபோது கிருஷ்ணப்பா தறியை நிறுத்தவில்லை. நான்கு தறியின் சத்தத்தில் இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பஞ்சுத் தூசி அவர் புருவத்தில் படிந்திருந்தது. பிரௌசிங் சென்டர் காலத்தில், இரண்டு விரலால் தட்டித் தட்டி, பழைய எழுத்து பாண்ட்டில் ஏற்றிய பக்கங்கள் அவருடையவை. இப்போதைய போனில் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

"அஞ்சும் அஞ்சா இருந்தா இன்னாம்மா? எதுக்கு ஒண்ணாக்கறாங்கோ?"

"அஞ்சுலயும் அஞ்சு மாதிரி கீதுண்ணா. ஒண்ணுல சாமி பொறந்தது காசின்னு போட்டுகிறாங்க. ஒண்ணுல உடுப்பி. பாக்கறவங்க எத்த நம்பறது?"

"எங்க பொறந்தார்னு எனக்குத் தெரியாது. அதான் நான் போடவே இல்ல."

"உங்களுது அப்டியே வரும்ணா. பாண்ட் மட்டும் மாத்துவேன். போன்ல கூட படிக்கலாம்."

அவர் அறுந்த இழையை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அப்டியே வரும்னு நீ சொல்றியா, அவுங்கோ சொல்றாங்களா?"

"நான்தானே செய்யறேன்."

"அப்ப சரி. வெங்கடம்மா பொண்ணு நீ. எடுத்துக்கோ."

அந்த வெப்சைட்டின் முகவரியை அன்றே டிரஸ்ட் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். அவர் பெண்சாதி மல்லிகா தரணிக்குத் தட்டில் களியும் கடலைச் சட்னியும் வைத்தாள். தறிச்சத்தத்திலேயே தரணி தின்றுவிட்டு வந்தாள்.

வேலை சுலபமாக இல்லை. கிருஷ்ணப்பாவின் பக்கங்களை மாற்றியபோது எழுத்தின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிய்ந்து வந்தது. தரணி வரி வரியாக உட்கார்ந்து ஒட்டினாள். வெயிலில் ஓடு காய்ந்து அறை அடுப்பு மாதிரி இருக்கும். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வேலை செய்வாள். ரமணா நல்ல மாதிரிதான் பேசினார். குரல் உயர்த்தமாட்டார். ஒருநாள் ஸ்கைப்பில் கேட்டார்.

"தரணி, மகாசமாதி பேஜ் மட்டும் காலியா இருக்கு. இங்கிலீஷ் சைட்ல ஒளியில கலந்தார்னு இருக்கு. தெலுங்குல ஒரு ரெட்டியாரு தோட்டத்து பங்களாலன்னு இருக்கு. தமிழ்ல அந்த விஷயமே இல்ல. டிவோட்டீஸ் மெயில் போட்டுக் கேக்கறாங்க. அங்க பழைய ஆளுங்க யாராவது இருந்தா விசாரிம்மா."

பழைய ஆள் பக்கத்து அறையில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணப்பாவிடம் கூடச் சொல்லாததை வெங்கடம்மா அன்று மகளிடம் சொன்னாள். புளியைக் கல்லில் வைத்து, கட்டையால் ஒரு தட்டு, கொட்டை தெறிக்கும். பேச்சு அதன் தாளத்திலேயே வந்தது.

"ஆடி மாசம். நீ தவழ்ந்துக்கினு கீற. ஊர்ல வாந்தி பேதி. சாமிக்கும் வந்திட்ச்சி. சத்திரத்து வாசல்ல கெடந்தாரு. ஊர்க்காரனுங்க ஒருத்தனும் கிட்ட போவல. ஒட்டிக்கும்னு பயம். உங்க நைனாதான் முதுவுல தூக்கிக்கினு வந்தாரு. அப்போ நமக்கு ஓலை ஊடு. உள்ள சாமி, வெளிய நாம."

"வைத்தியம்?"

"இன்னா வைத்தியம். உப்பு, சக்கர, கஞ்சித்தண்ணி. மொதல்ல எல்லாம் நம்மூட்ல கூழும் நெத்திலிக் கருவாடும்னா அவ்ளோ ஆசையா துன்னுவாரு. இப்போ தண்ணி கூட நிக்கல. கோணியெல்லாம் பீ. நான் ஏரிக்கி எடுத்துக்கினு போயி அலசுவேன். திரும்பி வர்சொல்ல மறுபடியும் போயிருப்பாரு. அள்ளுவேன், கழுவுவேன், வேற துணி போடுவேன். எட்டொம்பது நாளு இருக்கும்."

"அப்பறம்?"

"விடியகாலைல போயிட்டாரு. நைனா மடியிலதான் தலை. வெளிச்சம் வந்ததும் ஊர்க்காரங்கோ மாலையோட வந்துட்டாங்கோ. மொதநாளு வரைக்கும் எட்டிப் பாக்கல. நாற்காலியில உக்கார வெச்சித் தூக்கிக்கினு போனாங்கோ. நாங்க பின்னாடி போனோம். தள்ளி நில்லுங்கன்னாங்க. நின்னோம்."

புளியைக் கூடையில் தள்ளினாள். "அவ்ளோதான். இத்தப் போயி எழுதுவியா?"

தரணி எழுதினாள். அம்மா சொன்ன மாதிரியே எழுதிக் கம்ப்யூட்டரில் வைத்தாள். அனுப்பவில்லை. பீ என்கிற சொல்லை ரமணா எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசனையாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தாள்.

அமாவாசை அன்னதானத்துக்கு வெங்கடம்மாவை அழைத்து வரச் சொல்லி சிட்டிபாபு சொல்லி அனுப்பினார். புது வெப்சைட்டுக்குப் போட்டோ எடுக்கிறார்களாம். வெங்கடம்மா மஞ்சள் பூசிக் குளித்து, மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். போட்டோக்காரர் அவளைப் பார்த்துவிட்டு சிட்டிபாபுவின் காதில் ஏதோ சொன்னார்.

"சீரை மார்ச்சண்டி அம்மா, மாத்துங்க. வேற புடவ, பழசா, ஏதாச்சும் உந்தா?" என்றார் சிட்டிபாபு. "சாமி காலத்துல இருந்த மாதிரி நேச்சுரலா இருக்கணும்."

தரணிதான் வீட்டுக்கு ஓடிப்போய்க் களத்து வேலைக்குக் கட்டுகிற புடவையை எடுத்து வந்தாள். பந்தி வரிசையில் உட்கார வைத்தார்கள். "ரெண்டு கையும் நீட்டும்மா. மேல பாருங்க. சாமிய நெனச்சிக்கோ." வெங்கடம்மா கை நீட்டி மேலே பார்த்தாள். முந்தானை நழுவியது. தரணி போய் அதைச் சரிசெய்துவிட்டு ஒதுங்கி நின்றாள். போட்டோவைக் கேமராவில் காட்டியபோது வெங்கடம்மா, "நல்லா வந்துகீது" என்றாள். தன் கதைக்கு மேலே வரப்போகிற படம் என்று நினைத்தாள்.

திருத்தங்கள் வரத் தொடங்கியது அதற்குப் பிறகு. டிரஸ்ட்டில் ஒரு கமிட்டி எல்லாப் பக்கங்களையும் படித்து, வேண்டாததைச் சிவப்பில் அடித்து அனுப்பியது. வெங்கடம்மாவின் கூழ்க்கதையில் முதலில் கருவாடு போனது. சுவாமி சாத்வீக உணவு மட்டுமே உண்டவர் என்று வந்தது. அப்புறம் கூழ் போய் 'அன்னம்' ஆனது. காலனி என்கிற சொல் போனது. வெங்கடம்மா 'பக்தை ஒருவர்' ஆனாள். தரணி ஒவ்வொன்றுக்கும் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு மாற்றினாள். கருவாடு போனால் என்ன, கதை இருக்கிறதே. பெயர் போனால் என்ன, போட்டோ இருக்கிறதே. ஒருநாள் கதையும் மொத்தமாகச் சிவப்பாக வந்தது. போட்டோவை மட்டும் அன்னதானத்துக்கு நன்கொடை கேட்கிற பக்கத்தில் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தார்கள். கீழே எழுத வேண்டிய வரியையும் மூன்று மொழியிலும் அவர்களே அனுப்பியிருந்தார்கள்: 'பசியில் வாடிய இந்த ஏழைத்தாய்க்கு சுவாமி அன்னமிட்டார். நீங்கள்?'

தரணி அதை வாசித்துவிட்டு வெளியே போய் முகம் கழுவினாள். திரும்பி வந்து ரமணாவை ஸ்கைப்பில் கூப்பிட்டாள்.

"சார், இது எங்க அம்மா. அவங்கதான் சாமிக்கு ஊத்துனாங்க."

"ஐ நோ, தரணி. எனக்குத் தெரியாதா." அவர் குரல் அன்பாகவே இருந்தது. "ஆனா ஒரு குருவுக்குப் பக்தர் சாப்பாடு போட்டார்ங்கறத விட, குரு போட்டார்ங்கறதுதான் ஜனங்களுக்குப் போய்ச் சேரும். பக்தி பாவம்தான் முக்கியம், டீடெய்ல் இல்ல. அம்மா முகத்துல அந்தப் பாவம் அழகா வந்திருக்கு. எத்தன பேருக்குச் சோறு போடப் போறோம் அத வெச்சி, யோசிச்சுப் பாரு."

அதே அழைப்பில் திருப்பதியிலிருந்து சிட்டிபாபு குரலும் கேட்டது. வருஷம் முழுக்க சைட்டைப் பார்த்துக்கொள்கிற வேலையும் அவளுக்கே என்று பேசியாகிவிட்டதாம்.

தரணி அந்த வரியை ஏற்றினாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

திருப்பதியில் ஒரு ஏசி கல்யாண மண்டபத்தில் திறப்பு விழா. அமெரிக்காவிலிருந்து இருபது முப்பது பேர் வந்திருந்தார்கள், வெள்ளைக் கதர் குர்தாவில், கழுத்தில் அடையாள அட்டையோடு. வெங்கடம்மாவும் ரங்கனும் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தார்கள். ஏசிக் குளிரில் ரங்கன் துண்டைப் போர்த்திக்கொண்டார். மேடையில் கூழ்சாமியின் படம். அவருடைய கோணி காவிப் பட்டாகியிருந்தது. புகையிலைக் கறை ஏறின பல் வெளுத்திருந்தது. கன்னத்துக் குழிகளை நிரப்பி, தலைக்குப் பின்னால் வெளிச்சம் வைத்திருந்தார்கள்.

"யாரு இது?" என்று ரங்கன் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

ரமணா ஒரு பட்டனைத் தட்டினார். திரையில் வெப்சைட் திறந்தது. கைத்தட்டல். ஒவ்வொரு பக்கமாகக் காட்டிக்கொண்டு வந்தவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். திரை முழுக்க வெங்கடம்மா. நீட்டிய கைகள், மேலே பார்த்த கண்கள், கிழிசல் தெரிகிற தோள். கைத்தட்டல் இன்னும் பலமாக வந்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெங்கடம்மா சிரித்தாள். விழாவில் கொடுத்த சர்க்கரைப்பொங்கல் அவள் வாயில் இருந்தது. பக்கத்து நாற்காலிப் பெண்ணின் கையைத் தொட்டு, "நானுதான் அது. கீழ இன்னா எழுதிகீது?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் தெலுங்கில் வாசித்து, தமிழிலும் சொன்னாள். "பசியோட இருந்த இந்த ஏழைத்தாய்க்கு சுவாமி சோறு போட்டாருன்னு. நீங்களா அம்மா அது? புண்ணியம் பண்ணவங்க."

வெங்கடம்மா எழுந்தாள். மெதுவாக, யார் காலையும் மிதிக்காமல் வரிசையைத் தாண்டி வெளியே போனாள். மண்டபத்துக்குப் பக்கத்துச் சாக்கடை ஓரம் நின்று வாயில் இருந்ததைத் துப்பினாள். விரல் விட்டு, உள்ளே போனதையும் வாந்தி எடுத்தாள். பின்னாலேயே வந்த தரணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் வாங்கவில்லை. தெருக்குழாயில் வாய் கொப்பளித்தாள்.

புத்தூர் பஸ் ரேணிகுண்டா தாண்டியது. வெங்கடம்மா கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினுதான் என்னக் கூப்ட்டுக்கினு வந்தியா?"

"நீ படிக்க மாட்டன்னு..." தரணி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அவுரு பேண்டத வாரிப் போட்டப்பகூட எனக்குக் கொமட்டல. கழுவிட்டு அந்தக் கையாலதான் சோறு துன்னேன். இப்போ கொமட்டுது. நான் ஊத்துனவடி. என்னக் கை ஏந்த வெச்சிட்டியே."

முன் சீட்டில் இருந்த ரங்கன் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தரணி முதல் வேலையாக அந்தப் படத்தை எடுத்தாள். மறுநாள் காலை படம் இருந்த இடத்திலேயே இருந்தது. டல்லாஸில் யாரோ திரும்ப ஏற்றியிருந்தார்கள். மறுபடி எடுத்தாள். மறுபடி வந்தது. மூன்றாம் முறை அவள் பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை. கிருஷ்ணப்பா போன் செய்தார். அவருடைய பழைய முகவரியைத் தட்டினால் புது சைட்டுக்குப் போகிறது, அதில் தன் பக்கம் ஒன்றுகூட இல்லை என்றார். கோபமாகப் பேசவில்லை. "அப்டியே வரும்னியேம்மா" என்றார், அவ்வளவுதான். அவர் பேசும்போது பின்னால் தறிச்சத்தம் கேட்கவில்லை. அவளோடு பேசுவதற்காகத் தறியை நிறுத்தியிருந்தார் என்பது தரணிக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

அந்த வாரக் கடைசியில் ஆசிரமத்துக் கார் காலனிக்குள் வந்தது. ரமணா, சிட்டிபாபு, கேமராவோடு ஒருவர். ரங்கன் பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து போட்டார். வெங்கடம்மா ஒன்றும் நடக்காதது போல, "வாங்கய்யா" என்றாள். வெயிலில் வந்தவர்களுக்கு மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழை டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். சிட்டிபாபு டம்ளரைத் தரையில் வைத்தார். ரமணா உதடு வரைக்கும் கொண்டுபோனார். புளித்த வாடை பட்டது. "இன்னிக்கு விரதம்மா" என்று கீழே வைத்தார்.

"அம்மா, உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிருங்க" என்று தொடங்கினார். உண்மையாகவே கை கூப்பினார். "அந்தப் போட்டோவ எடுத்துடலாம். உங்களுக்குன்னு தனியா ஒரு பேஜே போடலாம். வீடியோவோட. சுவாமியோட கடைசி நாள்ல கூட இருந்தவங்க நீங்கன்னு நேத்துதான் ஒருத்தர் சொன்னார். அத நீங்க சொல்லணும்."

"இன்னா சொல்லணும்?"

சிட்டிபாபு முந்திக்கொண்டார். "நாங்களே எழுதி வெச்சிகிறோம். பெரியவங்க சொன்னத எல்லாம் சேத்துதான். சுவாமிவாரு ரெட்டியாரு தோட்டத்துல, ஏகாதசி அன்னிக்கு, பத்மாசனம் போட்டு உக்காந்து, கண்ண மூடி ஜோதியில கலந்தாரு. நீவு அங்க வாசல் பெருக்கிக்கினு இருந்த. கண்ணால பாத்த. அந்த ரெண்டு வார்த்தை சொன்னா போதும்."

கேமராக்காரர் வெளிச்சம் பார்த்து வெங்கடம்மாவின் நாற்காலியை லேசாகத் திருப்பினார். தரணி கதவோரம் நின்றாள். ரங்கன் ஆசிரமத்துக் காரையும் பெண்சாதியையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெங்கடம்மா சிட்டிபாபு பக்கம் திரும்பினாள்.

"பத்மாசனத்துலயா போனாரு? இருக்கும்யா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் அன்னிக்கிக் கூலிக்கிப் போயிருந்தேன்."

"மற்ற நாளெல்லாம்?" என்றார் ரமணா.

"தெனமும் கூலிதான். சாமிய தூரத்துல பாத்ததோட சரி."

"நீங்க கூழ் ஊத்துனதா கிருஷ்ணப்பா சைட்ல..."

"அவுரு நல்ல மனுசன். என்னமோ ஆசையா எழுதிகிறாரு. நான் ஊத்தல. சாமிதான் எனக்குப் போட்டாருன்னு நீங்களே எழுதிட்டீங்களே. அதே இருக்கட்டும்."

ரமணா தரணியைப் பார்த்தார். "தரணி, உன்ன விசாரிக்கச் சொன்னேனே. எதாவது எழுதி வெச்சிருக்கியா?"

"இல்ல சார்."

சிட்டிபாபு எழுந்தார். தன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவரான ரங்கனிடம் போய், "ஏமிரா ரங்கா, மீ ஆடவாள்ளு பெத்தவாள்ளு அயிபோயாரு" என்றார். உங்க வீட்டுப் பொம்பளைங்க பெரிய ஆளாயிட்டாங்க. "ரேபட்டி நுஞ்சி, நாளைலேர்ந்து, தோட்டத்துக்கு வராத. வேற ஆளு உன்னாடு."

"சரிங்க" என்றார் ரங்கன்.

கார் கிளப்பிய புழுதி அடங்கியதும் வெங்கடம்மா மூன்று டம்ளரையும் எடுத்துப்போய் எருமைத் தொட்டியில் ஊற்றினாள். சாம்பல் போட்டு இரண்டு தரம் தேய்த்தாள். வெயில் தாழ்ந்து, ரோட்டில் மாங்காய் லோடு லாரிகள் போகத் தொடங்கியிருந்தன. தரணி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா அப்டிச் சொன்ன? உள்ளது சொல்லியிருக்கலாமே. வீடியோ எடுக்கட்டும்னு."

"சொன்னா இன்னா ஆவும்? அத்தயும் ஜோடிச்சி மாட்டுவானுங்க. பீயையும் சந்தனம்னு எழுதுவானுங்க. வோணாம்." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "நான் சொன்னத நீ எழுதி வெச்சிகிறதானே. படி. இன்னா எழுதிகிறன்னு கேக்கறேன்."

தரணி லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள். ரங்கனும் எருமையின் பக்கத்திலிருந்து வந்து குந்தினார். அவள் ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள். ஆடி மாதம், ஓலை வீடு, ஏரி, கோணி, கழுவினது, விடியற்காலை, மடி, மாலை, தள்ளி நின்றது. பீ என்கிற இடம் வந்தபோது குரல் தயங்கவில்லை. வாசித்து முடித்ததும் வெங்கடம்மா தலையாட்டினாள்.

"சரியாதான் எழுதிகிற."

"இல்ல" என்றார் ரங்கன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"கடேசி ரெண்டு நாளு திட்டினாரே. அத்த சொல்லலியா நீ?"

தரணி லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

"இன்னா திட்டினாரு நைனா?"

"நம்ம சாதியச் சொல்லித்தான். தொடாதடான்னாரு. நீ தொட்டுதான் எனக்குத் தீட்டு ஒட்டிக்கிச்சி, சாவறேன்னாரு. என் மடியில படுத்துக்கினே சொன்னாரு. மொகத்துல துப்பினாரு."

"ஜொரத்துல பேசினது" என்றாள் வெங்கடம்மா மெல்ல.

"ஜொரத்துலதான் பேசினாரு. ஆனா பேசினாரு." ரங்கன் நிமிர்ந்தார். "இத்தினி வருசமா நானும் சொல்லல. அவுரு சமாதிக்கித்தான் தண்ணி பாச்சிக்கினு இருந்தேன். நீ அத்த உட்டுட்டு சொன்னா, அப்பறம் நமக்கும் அவுங்களுக்கும் இன்னா வித்தியாசம்?"

தரணி அம்மாவைப் பார்த்தாள். வெங்கடம்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லாரி போனது. பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"எழுது" என்றாள். "துப்பினாருன்னும் எழுது. அதுக்கப்பறமும் நான்தான் கழுவிவுட்டேன். அத்தயும் எழுது."